தக்காளி வாடல் பூஞ்சையில் நைட்ரேட் ரிடக்டேஸ் இல்லாத மியூட்டன்ட்களைப் பிரித்தெடுப்பது எப்படி

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கத் தக்காளித் தோட்டங்களில் காய் பிடிக்கும் நேரத்தில் சில செடிகளில் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகும். நடுப்பகலில் தொங்கும், சாயங்காலம் கொஞ்சம் நிமிரும், சில நாளில் செடியே காய்ந்துவிடும். அப்படி வாட வைக்கும் பூஞ்சைகளில் முக்கியமானது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம். விவசாயிக்கு இது நஷ்டம். ஆனால் நொதி மரபியல் கற்க இதைவிட வசதியான பூஞ்சை நம் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். மியூட்டன்ட், அதாவது மரபணு பிறழ்ந்த வகை, கிடைக்கப் புற ஊதா விளக்கு தேவையில்லை, கையில் பட்டால் ஆபத்தான மியூட்டஜன் (பிறழ்வை உண்டாக்கும் பொருள்) எதுவும் தேவையில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் இருக்கிற சாதாரண மைக்ரோபயாலஜி லேபிலேயே எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் இரண்டு மூன்று மாதத்தில் செய்து முடிக்கலாம்.

விஷயம் இதுதான். பூஞ்சை நைட்ரேட்டை உணவாக்க இரண்டு நொதிகள் வேண்டும். நைட்ரேட் ரிடக்டேஸ் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். நைட்ரைட் ரிடக்டேஸ் அதை அம்மோனியமாக்கும். குளோரேட் அமைப்பில் நைட்ரேட் மாதிரியே இருப்பதால் முதல் நொதி ஏமாந்து அதையும் குறைத்துக் குளோரைட்டாக்கிவிடும். குளோரைட் நஞ்சு, ஆகவே நொதி இருக்கிற பூஞ்சை தன் நொதியாலேயே நசுங்குகிறது. லட்சக்கணக்கான உட்கருக்களில் எங்காவது ஒன்றில் தானாகவே ஒரு பிறழ்வு நிகழ்ந்து நொதி இல்லாமல் போனால் அது மட்டும் தடையின்றி வளரும். 1941-இல் பீடிலும் டேட்டமும் நியூரோஸ்போராவில் முதல் ஊட்டத்தேவை மியூட்டன்ட்டைக் கண்டபோது, எக்ஸ் கதிர் பட்ட வித்துகளிலிருந்து வளர்த்தவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 299-ஆவது வளர்ப்பில்தான் வைட்டமின் பி6 தேவைப்படும் ஒன்று கிடைத்தது. குளோரேட் தட்டில் அந்தத் தேடுதலை நஞ்சே செய்துவிடுகிறது. நமக்கு மிஞ்சும் வேலை, கிடைத்ததைச் சந்தேகப்படுவது. குளோரேட்டில் வளர்ந்ததெல்லாம் நொதி இழந்ததல்ல. அதைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் பின்னால் வரும் ஆறு தட்டுகளும்.

பூஞ்சையைப் பிடிப்பது

முழுதும் காய்ந்த செடியை எடுக்காதீர்கள். அதில் வேண்டாத பூஞ்சைகள் குடியேறியிருக்கும். பாதி வாடிய செடியை வேரோடு பிடுங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே, நடுச்சோற்றைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிய வேண்டும். அடுத்து, வெட்டிய தண்டைத் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல், உங்களுக்கு ஆகாது. சந்தேகமிருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ செடியைக் காட்டிக் கேட்கலாம்.

பழுப்பேறிய பகுதியை 5 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஈரம் ஒற்றி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வையுங்கள். தட்டில் ஊற்றும் முன், 45–50° செ.க்கு ஆறிய மீடியத்தில் (வளர்ப்பு ஊடகத்தில்) லிட்டருக்கு 100 மி.கி. ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்தால் பாக்டீரியா தொல்லை குறையும். 25° செ.யில் மூன்று நான்கு நாளில் வெள்ளையாகக் கிளம்பி, அடியில் ஊதா சாயல் ஏறும். நுண்ணோக்கியில் அரிவாள் வடிவப் பெரிய கொனிடியா (பூஞ்சையின் வித்து), குட்டையான காம்பின் நுனியில் பொய்த் தலையாகக் கூடி நிற்கும் சிறு கொனிடியா, தடித்த சுவருள்ள ஓய்வு வித்தான கிளாமிடோஸ்போர் மூன்றும் தெரிய வேண்டும். காம்பு நீளமாக இருந்தால் அது பெரும்பாலும் ஃபியூசேரியம் சொலானி.

அடுத்து ஒற்றை ஸ்போர் வளர்ப்பு. இதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. கலப்பு வளர்ப்போடு தொடங்கினால் பின்னால் வரும் எந்த முடிவுக்கும் பொருள் கிடையாது. மி.லி.க்கு ஏறத்தாழ 1,000 கொனிடியா இருக்கும்படி நீர்த்து, 0.1 மி.லி.யை 2 சதவீத வெறும் நீர் அகாரில் பரப்புங்கள். 16–20 மணி நேரம் கழித்து 10 மடங்கு லென்ஸில் பார்த்து, தனியாக முளைத்த ஒரே ஒரு ஸ்போரை அகாரோடு வெட்டி எடுங்கள். இனி இதுதான் தாய்ப் பூஞ்சை. அறிந்த பெயருள்ள வளர்ப்பு வேண்டுமென்றால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி., புதுதில்லி பூசாவில் உள்ள ஐ.டி.சி.சி. சேமிப்பகங்களில் கல்லூரி மூலமாகக் கேட்டு வாங்கலாம்.

தண்ணீரும் மீடியமும்

முதலில் தண்ணீரைப் பற்றி. நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் இந்தச் சோதனையைக் கெடுப்பது ஃபுளோரைடு அல்ல, உரம் போட்ட வயலை ஒட்டிய போர்வெல் நீரில் கலந்திருக்கக்கூடிய நைட்ரேட். நைட்ரஜன் எது, எவ்வளவு என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டிய மீடியத்தில் அது ஒளிந்திருந்தால் கணக்கு முழுவதும் தப்பும். காய்ச்சி வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கேனில் வரும் குடிநீரும் வேண்டாம். நீரில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கீழே நொதி சோதனையில் சொல்லும் சல்ஃபானிலமைடு, என்.ஈ.டி. (நாஃப்தில் எத்திலீன்டையமின்) கரைசல்களை 2 மி.லி. நீரில் விட்டு, அதோடு ஒரு சிட்டிகை துத்தநாகத் தூளைப் போடுங்கள். துத்தநாகம் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். இளஞ்சிவப்பு வந்தால் அந்த நீரைத் தொடாதீர்கள்.

அடிப்படை மீடியம், ஒரு லிட்டருக்கு: சுக்ரோஸ் 30 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் (ஏழு நீர்) 0.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.5 கிராம், ஃபெரஸ் சல்ஃபேட் 10 மி.கி., அகார் 20 கிராம், நுண் தனிமக் கரைசல் 0.2 மி.லி. பி.எச். 6.5.

நுண் தனிமக் கரைசலுக்கு 95 மி.லி. நீரில் சிட்ரிக் அமிலம் 5 கிராம், துத்தநாக சல்ஃபேட் 5 கிராம், ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் 1 கிராம், காப்பர் சல்ஃபேட் 0.25 கிராம், மாங்கனீஸ் சல்ஃபேட், போரிக் அமிலம், சோடியம் மாலிப்டேட் ஒவ்வொன்றும் 50 மி.கி. எடுத்து, இதே வரிசையில் ஒன்று கரைந்த பின் அடுத்ததைப் போடுங்கள். கடைசியில் உள்ள அந்த 50 மி.கி. மாலிப்டேட்டை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். நைட்ரேட் ரிடக்டேஸ் வேலை செய்ய மாலிப்டினம் வேண்டும். அது போதாமல் போனால் மரபணுவில் எந்தக் குறையும் இல்லாத தாய்ப் பூஞ்சையே மியூட்டன்ட் போல மெலிந்து நிற்கும்.

சுக்ரோஸுக்குக் கடைச் சர்க்கரை வேண்டாம். அகாரும் கழுவியதாக இருந்தால் நல்லது. சாதாரண அகாரை நான்கைந்து முறை காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடித்தாலே அதிலுள்ள நைட்ரஜன் கணிசமாகக் குறையும்.

இந்த அடிப்படையோடு நைட்ரஜன் மூலத்தை மட்டும் மாற்றிச் சேர்த்தால் மற்ற மீடியங்கள் எல்லாம் கிடைத்துவிடும். நைட்ரேட் தட்டுக்கு சோடியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம். நைட்ரைட் தட்டுக்கு சோடியம் நைட்ரைட் 0.5 கிராம். ஹைப்போசாந்தின் 0.2 கிராம், யூரிக் அமிலம் 0.2 கிராம், அம்மோனியம் டார்ட்ரேட் 1 கிராம். ஆறாவது தட்டில் நைட்ரஜன் எதுவும் இல்லை. ஹைப்போசாந்தினும் யூரிக் அமிலமும் குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. சில துளி 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் வெதுவெதுப்பாகக் கரைத்துச் சேர்த்து, பி.எச்.ஐ மறுபடி 6.5-க்குக் கொண்டுவாருங்கள். நைட்ரைட் மீடியத்தில் பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் நைட்ரஸ் அமிலம் உண்டாகி எதுவும் வளராது. நைட்ரைட் தட்டில் தாய்ப் பூஞ்சையே வளரவில்லை என்றால் மியூட்டன்ட்டைக் குறை சொல்வதற்கு முன் பி.எச். தாளை எடுங்கள்.

குளோரேட் மீடியத்துக்கு அடிப்படையோடு எல்-அஸ்பராஜின் 1.6 கிராம், பொட்டாசியம் குளோரேட் 15 கிராம். 250 மி.லி. செய்தால் குளோரேட் 3.75 கிராம், அஸ்பராஜின் 0.4 கிராம். 90 மி.மீ. தட்டுக்கு 20 மி.லி. வீதம் 12 தட்டு வரும். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் 15 கிராம் குளோரேட் சேர்த்தாலும் வேலை நடக்கும். நைட்ரஜன் மூலம் மாறினால் கிடைக்கும் மியூட்டன்ட் வகைகளின் விகிதமும் மாறும். அதனால் முடிந்தால் இரண்டிலும் பாதிப் பாதி வையுங்கள்.

பொட்டாசியம் குளோரேட்டைக் கையாளும்போது கவனம் சிதறக் கூடாது. அது வலுவான ஆக்சிஜனேற்றி. சர்க்கரை, கந்தகம், காகிதம், பஞ்சு இவற்றோடு உலர்ந்த நிலையில் சேர்ந்தால் உரசலிலேயே தீப்பிடிக்கும். ஆகவே சுக்ரோஸையும் குளோரேட்டையும் ஒரே தாளில் நிறுக்காதீர்கள். முதலில் நீரில் சுக்ரோஸ், உப்புகள் எல்லாம் கரையட்டும், குளோரேட் கடைசியில் நேராக நீருக்குள் போகட்டும். உலோகக் கரண்டியால் இடித்துப் பொடிக்க வேண்டாம். அடர் அமிலம் அருகில் வேண்டாம். சிந்திய மீடியத்தை ஈரத் துணியால் உடனே துடைத்து, துணியை அலசிவிடுங்கள். குளோரேட் பட்டுக் காய்ந்த பஞ்சு அடைப்பை பர்னருக்குப் பக்கத்தில் வைப்பது விபத்துக்கு வழி செய்யும். கல்லூரி பெயரில் தேவைக்கு மட்டும் வாங்கி, பதிவேட்டில் எழுதி, பூட்டி வையுங்கள்.

ஆட்டோகிளேவ் 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம். சிறிய அளவுக்குப் பிரஷர் குக்கரே போதும், விசில் எண்ணாமல் ஆவி சீராக வரத் தொடங்கியதிலிருந்து நேரத்தை எண்ணுங்கள்.

குளோரேட் தட்டில் என்ன தெரியும்

தாய்ப் பூஞ்சையின் நான்கைந்து நாள் வளர்ப்பின் ஓரத்திலிருந்து 2 மி.மீ. அகார் கட்டிகளை வெட்டி, தட்டுக்கு நான்கு வீதம் இடைவெளி விட்டு, மைசீலியம் (பூஞ்சை இழை) கீழ்ப்பக்கம் படும்படி கவிழ்த்து வையுங்கள். 10 தட்டு வைத்தால் 40 கட்டி. 25° செ., இருட்டு. தர்மபுரியில் மார்ச் முதல் மே வரை அறை வெப்பத்தை நம்ப முடியாது, குளிர்விக்கவும் செய்யும் பி.ஓ.டி. இன்குபேட்டர் கட்டாயம். அது இல்லாத லேபில் இந்த வேலையை மார்கழி, தை மாதங்களுக்கு ஒதுக்குவது நல்லது. ஓசூர் பக்கம் என்றால் கொஞ்சம் கூடுதலாக மாதங்கள் கிடைக்கும்.

முதல் வாரம் ஏமாற்றமாக இருக்கும். கட்டியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக, ஓரம் மடிந்து, பொருக்குத் தட்டியதுபோல் இறுகிய வளர்ச்சி மட்டும் தெரியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏழாம் நாளுக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் அந்தப் பொருக்கின் ஓரம் ஒரு இடத்தில் உடைந்து, பனையோலை விசிறி விரிவதுபோல் மெல்லிய வளர்ச்சி வேகமாகக் கிளம்பும். அந்த விசிறிதான் செக்டர். அதன் நுனியிலிருந்து, கட்டியிலிருந்து தள்ளியுள்ள பகுதியில், சின்னத் துண்டு எடுத்து நைட்ரேட் தட்டுக்கு மாற்றுங்கள்.

ஒரு கட்டியிலிருந்து ஒரே ஒரு செக்டர்தான் எடுக்க வேண்டும். ஒரே கட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு விசிறிகள் ஒரே பிறழ்வின் பிள்ளைகளாக இருக்கலாம். அவற்றைத் தனித்தனி மியூட்டன்ட் என்று எண்ணினால் எண்ணிக்கை வீங்கும், உண்மை குறையும்.

மூன்று வாரமாகியும் செக்டர் வராவிட்டால் கட்டிகளை இரட்டிப்பாக்குங்கள், அதற்கும் வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். நேர்மாறாக, கட்டி முழுவதுமே முதல் வாரத்தில் தாராளமாகப் பரவினால் குளோரேட் போதவில்லை. 20, 25, 30 கிராம் என்று ஏற்றிப் பாருங்கள். குளோரேட்டை நன்றாகக் கரைக்காமல் ஊற்றினாலும் இதேதான் நடக்கும். தட்டின் ஒரு பக்கம் மட்டும் எல்லாம் வளர்ந்து மறுபக்கம் எதுவும் வளராமல் இருப்பது அதற்கு அடையாளம்.

நைட்ரேட் தட்டில் மெலிவு

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் குழம்புகிறார்கள். நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாத மியூட்டன்ட் நைட்ரேட் தட்டில் வளராமல் இருக்காது, வளரும். அகாரில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைத் தேடித் தட்டின் ஓரம் வரை கூட ஓடும். ஆனால் வெறும் இழையாக, மேலெழும் பஞ்சு இல்லாமல். விட்டத்தை அளந்தால் தாயும் மியூட்டன்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் ஸ்கேலை வைத்துவிட்டு அடர்த்தியைப் பாருங்கள். தட்டை ஒரு தமிழ் நாளிதழின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் மெலிவு, எழுத்தை மறைக்கும் வெள்ளைப் பஞ்சு வளர்ந்திருந்தால் அது நைட்ரேட்டைச் சாப்பிடுகிறது. ஒப்பிட நைட்ரஜன் இல்லாத தட்டில் வளர்ந்த தாய்ப் பூஞ்சை பக்கத்தில் இருக்க வேண்டும். மியூட்டன்ட்டின் வளர்ச்சி அதைப்போல இருந்தால் சரி.

நைட்ரேட்டிலும் பஞ்சாக வளர்கிற குளோரேட் தாங்கிகள் சில வரும். அவற்றின் நொதி நன்றாகவே இருக்கும், குளோரேட் உள்ளே போவது குறைந்திருப்பது போன்ற வேறு காரணத்தால் தப்பித்திருக்கும். அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு எடுத்து வையுங்கள், நொதி மியூட்டன்ட் கணக்கில் சேர்க்காதீர்கள். மெலிந்தவற்றை மட்டும் மறுபடி ஒற்றை ஸ்போராக எடுத்துத் தூய்மைப்படுத்துங்கள். குளோரேட் தட்டிலிருந்து எடுத்த துண்டில் தாயின் இழைகளும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஒற்றை ஸ்போர் எடுக்காமல் விட்ட வளர்ப்பு பத்து நாளில் பஞ்சு பூத்து "மியூட்டன்ட் திரும்பிவிட்டது" என்று தவறாக எழுதவைக்கும்.

ஆறு தட்டு, மூன்று வகை

தூய்மையான ஒவ்வொரு மியூட்டன்ட்டையும் நைட்ரேட், நைட்ரைட், ஹைப்போசாந்தின், யூரிக் அமிலம், அம்மோனியம், நைட்ரஜன் இல்லாதது ஆகிய ஆறு தட்டிலும் வையுங்கள். தாயைத் தனித் தட்டுகளில் வையுங்கள், ஒரே தட்டில் வைத்தால் அது படர்ந்து வந்து மூடிவிடும். 25° செ., ஐந்து முதல் ஏழு நாள்.

நைட்ரேட்டில் மட்டும் மெலிந்து மற்ற நான்கு மூலங்களிலும் பஞ்சாக வளர்ந்தால் அது நிட்-1 (நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாதது என்பதன் சுருக்கமே நிட்). நைட்ரேட் ரிடக்டேஸ் புரதத்துக்கான மரபணுவே கெட்டிருக்கிறது.

நைட்ரேட்டிலும் நைட்ரைட்டிலும் மெலிந்து, ஹைப்போசாந்தினில் நன்றாக வளர்ந்தால் நிட்-3. இது இரண்டு நொதிகளையும் ஒன்றாகக் கிளப்பிவிடும் ஒழுங்குமுறை மரபணுவின் கோளாறு. நொதிகளுக்கான மரபணுக்கள் முழுசாக இருக்கும், அவற்றை எழுப்பும் ஆள்தான் இல்லை.

நைட்ரேட்டிலும் ஹைப்போசாந்தினிலும் மெலிந்து, நைட்ரைட்டிலும் யூரிக் அமிலத்திலும் நன்றாக வளர்ந்தால் நிட்-எம். இந்த வகைதான் சிந்திக்க அதிகம் தருகிறது. நைட்ரேட் ரிடக்டேஸுக்கும், ஹைப்போசாந்தினை யூரிக் அமிலமாக்கும் நொதிக்கும் பொதுவாக ஒரு மாலிப்டினம் துணைக்காரணி தேவை. அதைச் செய்யும் பாதையில் எங்கு அடைபட்டாலும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் இரண்டு வேலைகளும் சேர்ந்து நிற்கின்றன. யூரிக் அமிலம் அந்த அடைப்புக்கு அப்பால் இருப்பதால் அதில் வளர்ச்சி தடைபடாது. யூரிக் அமிலத் தட்டை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான். அது இல்லாமல் ஹைப்போசாந்தினில் மெலிந்ததை மட்டும் வைத்து நிட்-எம் என்று சொல்ல முடியாது.

அம்மோனியத்தில் மட்டும் வளர்ந்து மற்ற எதிலும் வளராத ஒன்று வந்தால் அது பொது நைட்ரஜன் ஒழுங்குமுறையின் கோளாறாக இருக்கலாம். அம்மோனியத்திலும் மெலிந்தால் வேறு ஏதோ குறை, ஒதுக்கிவிடுங்கள். நைட்ரைட் ரிடக்டேஸ் மட்டும் இல்லாத மியூட்டன்ட் இந்த வழியில் ஏன் வருவதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள், நல்ல கேள்வி. அதில் நைட்ரேட் ரிடக்டேஸ் வேலை செய்துகொண்டே இருப்பதால் குளோரேட் அதைக் கொன்றுவிடும்.

நொதி உண்மையில் இல்லையா

தட்டு சொல்வது வளர்ச்சியைத்தான். நொதியை அளந்து பார்த்தால்தான் முழுமை. விலை அதிகமான பொருள் எதுவும் வேண்டாத முறை இது.

அகார் இல்லாத அடிப்படை மீடியம் 100 மி.லி. + அம்மோனியம் டார்ட்ரேட் 0.1 கிராம், 250 மி.லி. குடுவையில். மி.லி.க்கு 10 லட்சம் கொனிடியா இருக்கும்படி விட்டு, நிமிடத்துக்கு 120 சுற்றில் 36–48 மணி நேரம் குலுக்குங்கள். அம்மோனியத்தில் எல்லா வகையும் வளரும் என்பதால் ஒப்பிட ஒரே அளவு மைசீலியம் கிடைக்கும். கிருமி நீக்கிய மஸ்லின் துணியில் வடிகட்டி, நைட்ரஜன் இல்லாத மீடியத்தால் இரண்டு முறை கழுவி, 2 கிராம்/லிட்டர் சோடியம் நைட்ரேட் உள்ள மீடியத்தில் 3–4 மணி நேரம் குலுக்குங்கள். கழுவாமல் விட்டால் மிச்ச அம்மோனியம் நொதி உருவாவதையே அடக்கிவிடும், தாய்ப் பூஞ்சையும் பூச்சியம் காட்டும். இந்த அடக்குதலைக் காட்டவே தாயில் ஒரு பங்கை அம்மோனியத்திலேயே வைத்துச் சோதியுங்கள். மரபணு சரியாக இருந்தும் நொதி இல்லாத நிலை என்ன என்று மாணவருக்குக் கண்ணெதிரே தெரியும்.

மைசீலியத்தைப் பிழிந்து 0.5 கிராம் நிறுத்து, 5 மி.லி. கரைசலில் போடுங்கள்: 100 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் பி.எச். 7.5, அதில் 100 மி.லி.க்குப் பொட்டாசியம் நைட்ரேட் 1.01 கிராம், என்-புரோப்பனால் 1 மி.லி. மூடிய குழாயில், குலுக்காமல், இருட்டில், 30° செ. புரோப்பனால் செல்சவ்வைத் தளர்த்தி நைட்ரைட்டை வெளியே விடும். காற்றில்லாமல் வைப்பது, உண்டான நைட்ரைட்டைப் பூஞ்சை மேலும் குறைத்துத் தின்றுவிடாமல் இருக்க உதவும். தொடக்கத்திலும் 15, 30 நிமிடத்திலும் 0.5 மி.லி. எடுத்து, அதோடு 1 சதவீத சல்ஃபானிலமைடு (1.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்) 0.5 மி.லி., 0.02 சதவீத என்.ஈ.டி. 0.5 மி.லி. சேர்த்து, 20 நிமிடம் கழித்து 540 நா.மீ.யில் படியுங்கள்.

அளவுகோலுக்கு சோடியம் நைட்ரைட் 69 மி.கி.யை ஒரு லிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதில் 10 மி.லி.யை 100 மி.லி. ஆக்கினால், 0.1 மி.லி.யில் 10 நானோமோல். 0, 0.05, 0.1, 0.2, 0.3 மி.லி. எடுத்து நீரால் 0.5 மி.லி. ஆக்கி, அதே போல நிறம் வரவையுங்கள். 30 நானோமோலுக்கு அளவீடு ஏறத்தாழ 1 வரும். அதற்கு மேல் போகும் மாதிரியை ரசாயனம் சேர்ப்பதற்கு முன்பே நீர்க்க வேண்டும், நிறம் வந்த பிறகு அல்ல.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் 2 நானோமோல், 30 நிமிடத்தில் 17 நானோமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 15, அது 0.5 மி.லி.யில். முழு 5 மி.லி.க்கு 150. 30-ஆலும் 0.5 கிராமாலும் வகுத்தால் நிமிடத்துக்கு, கிராமுக்கு 10 நானோமோல். ஈர எடை பிழியும் கையைப் பொறுத்து மாறும். அதனால் இன்னொரு பங்கை 70° செ.யில் இரவு முழுக்க உலர்த்தி, உலர் எடைக்குக் கணக்கிட்டு எழுதுங்கள்.

தாயில் தெளிவான இளஞ்சிவப்பு, நிட்-1, நிட்-எம் இரண்டிலும் தொடக்க அளவை விட்டு நகராத நிறம், நிட்-3-இல் அநேகமாக அதே. நொதி அளவு மட்டும் மூன்றையும் பிரித்துக் காட்டாது என்பதைக் கவனியுங்கள். பெயர் வைப்பது தட்டு, உறுதி செய்வது குழாய்.

செல்லை உடைத்து அளக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாவர லேப் கையேடுகளில் உள்ளபடி, நொதிக்கு எலக்ட்ரான் தரும் பொருளாக என்.ஏ.டி.எச். போட்டால் பூஞ்சையின் நொதி அசையாது. இதற்கு என்.ஏ.டி.பி.எச். தான் வேண்டும், 0.2 மில்லிமோலார், கூடவே இன்னொரு துணைக்காரணியான எஃப்.ஏ.டி. 10–20 மைக்ரோமோலார். அரைப்பது, சுழற்றுவது எல்லாம் பனிக்கட்டியில். இந்த நொதி நிலையில்லாதது, சாறு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். மிச்ச என்.ஏ.டி.பி.எச். நிறத்தை மங்கவைக்கும், ஆகவே அளவுகோல் குழாய்களிலும் அதே அளவு சேர்க்க வேண்டும்.

இரண்டு மியூட்டன்ட்டைச் சந்திக்க வைப்பது

நைட்ரேட் தட்டில் நிட்-1, நிட்-எம் இரண்டையும் 1–2 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். இரண்டும் மெலிந்தே வளர்ந்து சந்திக்கும். இழைகள் இணைந்து உட்கருக்கள் ஒரே செல்லில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும், சந்திப்புக் கோட்டில் மட்டும் வெள்ளைப் பஞ்சுக் கரை எழும்பும். 7 முதல் 14 நாள் வரை பாருங்கள். ஒரே தாயிலிருந்து வந்த இரண்டு நிட்-எம்கள் இப்படிக் கரை எழுப்பினால் அவற்றின் பிறழ்வு வெவ்வேறு மரபணுவில் இருக்கிறது. மாலிப்டினம் துணைக்காரணிக்குப் பல மரபணுக்கள் தேவை என்பதை டி.என்.ஏ. வரிசை எதுவும் படிக்காமலே காட்டும் சோதனை இது.

வெவ்வேறு தோட்டத்துப் பூஞ்சைகளை இதே போல இணைத்தால் இன்னொரு பலன். பாலக்கோட்டுப் பூஞ்சையின் நிட்-1-உம் ராயக்கோட்டைப் பூஞ்சையின் நிட்-எம்மும் கரை எழுப்பினால் இரண்டும் ஒரே உடல் இணக்கக் குழு, அதாவது வி.சி.ஜி. 1985-இல் புஹால்லா இந்த முறையை ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்துக்குக் கொண்டுவந்தார். தக்காளி வாடல் பூஞ்சையின் குழு எண்கள் 003 என்று தொடங்கும், 0030, 0031 என்பதுபோல. கரை எழாவிட்டால் உடனே "வேறு குழு" என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஒவ்வொரு பூஞ்சையும் தன் சொந்த நிட்-1, நிட்-எம்மோடு கரை எழுப்புகிறதா என்று பாருங்கள். தன்னோடே இணையாத பூஞ்சைகளும் உண்டு. ஒரே குழு என்பதால் ஒரே நோய் வீரியம் என்றும் பொருளல்ல. அதற்குச் செடியில்தான் சோதிக்க வேண்டும். மூன்று வார நாற்றின் வேரை மி.லி.க்கு 10 லட்சம் கொனிடியா உள்ள நீரில் 10 நிமிடம் நனைத்து நட்டு, மூன்று நான்கு வாரம் பாருங்கள். நிட் மியூட்டன்ட்கள் பெரும்பாலும் நோயுண்டாக்கும் திறனை இழப்பதில்லை. தண்டிலிருந்து திரும்ப எடுத்ததை நைட்ரேட் தட்டில் வைத்தால், நீங்கள் விட்ட பூஞ்சைதானா, தோட்டத்து மண்ணிலிருந்து நுழைந்ததா என்பது மெலிவிலேயே தெரிந்துவிடும்.

வைத்துக்காப்பதும் கழிப்பதும்

மியூட்டன்ட்டை அகாரிலேயே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தால் பூஞ்சை நலிந்துவிடும், சில சமயம் பழைய நிலைக்கும் திரும்பும். மெலிந்த வளர்ப்பின் நடுவில் திடீரென்று ஒரு பஞ்சுக் குஞ்சம் கிளம்புவதுதான் அதன் அடையாளம். கிருமி நீக்கிய வடிதாள் துண்டுகளை அகாரின் மேல் போட்டு, அவற்றின் மேல் பூஞ்சை படர்ந்ததும் எடுத்து உலர்த்தி, சிறு கவர்களில் சிலிக்கா ஜெல்லோடு 4° செ.யில் வையுங்கள். கவரின் மேல் தாயின் எண், குளோரேட் கட்டியின் எண், எடுத்த தேதி, வகை நான்கும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு துண்டை எடுத்து நைட்ரேட் தட்டில் மெலிவைச் சரிபாருங்கள்.

வேலை முடிந்த தட்டு, செடி, மண் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே விட வேண்டும். இந்தப் பூஞ்சையின் கிளாமிடோஸ்போர் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், சுற்றிலும் தக்காளி போடுகிற ஊர் நம்முடையது. குளோரேட் மீடியத்தை ஆட்டோகிளேவ் செய்தபின் சூடு ஆறுவதற்குள், இறுகிக் காய விடாமல், நிறையத் தண்ணீர் விட்டு அலசி ஊற்றுங்கள். கழுவிய கண்ணாடித் தட்டுகளைச் சூட்டடுப்பில் உலர்த்தும் முன் இன்னொரு முறை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். அடுத்த முறை நைட்ரேட் தட்டில் எல்லாமே காரணமில்லாமல் மெலிந்து நின்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தட்டுகளில் ஒட்டியிருக்கும் குளோரேட்டைத்தான்.